பெட்டியைத் திறக்கச் சொன்னவர்

எண்பதுகளின் கடைசியில் நான் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையில் புளி வாங்கி விற்கும் சங்கம் ஒன்றுக்கு ஜீப்பில் ஒரு பெட்டியைக் கொண்டுபோனேன். சங்கத் தலைவர் ஒல்லியான மனிதர். வலது கையில் முழங்கைவரை புளிக்கறை. எந்த மூட்டை வந்தாலும் பிரித்து, அடிவரை கையை விட்டுத் துழாவிய பிறகுதான் எடை போடுவார்.

என் கம்ப்யூட்டரையும் திறக்கச் சொன்னார்.

"கம்பெனி சீல் வச்சிருக்கு. எங்க ஆளைத் தவிர யாரும் திறக்கக் கூடாதுங்க" என்றேன்.

"வாங்கினப்புறமும் கூடாதா?"

"கூடாது. திறந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் புரியாது." எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்தே விட்டார். "புரியாட்டிப் போவுது. என் வூட்டுக்கு வந்த பொருளத் தொறக்காதேன்னு சொல்ல நீ யாரு? எடுத்துனு போ!"

மலை இறங்கும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த மாதம் வேறு கம்பெனியின் மட்டமான பெட்டி ஒன்றை வாங்கினாராம். அதன் மூடி ஸ்க்ரூவைக் கழற்றினால் திறந்துகொள்ளும். திறந்து உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டாராம். அப்படி என்னத்தைக் கண்டார்?

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் எனக்கென்று கம்ப்யூட்டர் வாங்கப் போன அன்று, கடைக்காரரிடம் நான் முதலில் கேட்டது ஸ்க்ரூ டிரைவர்தான்.