வாயில் விரல்

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அம்மாளுக்கு ஒற்றம்மா என்று பெயர். மெய்ப்பில் விட்டுப்போன க், ச், த், ப் ஒற்றுகள் எல்லாவற்றையும் முப்பது வருடமாகக் காதைப் பிடித்து இழுத்து வருகிறவர். எந்தப் பிழையும் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. குரல்தான் கிடையாது. அவர் கத்தினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

காலைப் பேருந்துக்கு எப்படிக் கேட்கும்? அவர் கையை ஆட்டிக்கொண்டு நிற்க, வண்டி நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடும். அடுத்த வண்டி அரைமணி கழித்து.

“இந்த மாசம் இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா பைண்டிங்குக்கு மாத்திடுவேன்மா,” என்றார் மேலாளர். திரும்பி யாரிடமோ சொன்னதும் காதில் விழுந்தது. “பாவம், வாயில விரல வச்சாக் கடிக்கத் தெரியாது. இதெங்க பஸ்ஸ நிறுத்தப்போகுது?”

பைண்டிங் என்றால் நாள் முழுக்கப் பசை. ஒரு வரி படிக்க முடியாது. உள்ளே பிழை இளித்துக்கொண்டிருக்கும். மேலே அட்டையை ஒட்ட வேண்டும்.

அன்று வீடு திரும்பும் வண்டியில் யாரோ ஒருவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். நடத்துநர்தான் ஊதினார் என்று நினைத்து ஓட்டுநர் நிறுத்தினார். ஒற்றம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓட்டுநருக்கு ஊதுகிற ஆள் கணக்கில்லை, விசில்தான் கணக்கு. ஒன்று என்றால் நிற்பார். இரண்டு என்றால் கிளம்புவார்.

மறுநாளிலிருந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பயிற்சி. யாரிடமும் கேட்கவில்லை, ஐம்பத்தாறு வயதில் எப்படிக் கேட்பது? முதல் வாரம் வெறும் காற்று. இரண்டாம் வாரம் எச்சில். பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்: ‘நாக்கு மடிப்பு சரி. கீழுதடு தளர்வு, திருத்துக.’

பத்தொன்பதாம் நாள் விசில் வந்தது. வந்த சந்தோஷத்தில் இன்னும் இரண்டு.

அன்று சாப்பிடும்போது, ஓய்வுபெற்றபின் சமையலை ஏற்றிருந்த கணவர் பருப்பை அழுத்திப் பார்த்தார்.

“மூணு விசில் எண்ணித்தானே இறக்கினேன்? கல்லு மாதிரி இருக்கே!”

“குக்கர்ல ஏதாவது கோளாறா இருக்கும்.”

“என் காதுல விழுந்துச்சுடி. மூணு!”

“உங்க பருப்பு இன்னைக்கு வேகலங்க. விடுங்க.”

அவர் குக்கருக்குப் புது ரப்பர் வளையம் வாங்கினார். மறுநாளும் பருப்பு கல். ஒற்றம்மாவுக்கு ஒன்றோடு நிறுத்த வரவில்லை. மூன்று மூன்றாகத்தான் வந்தது.

மாதத்தின் கடைசி நாள். அதுவரை நிறுத்தத்தில் வேறு யாராவது வண்டியை நிறுத்தியதில் தப்பித்து வந்தவர், அன்று தனியாக நின்றார். தூரத்தில் வண்டி தெரிந்தது. விரலை வைத்தார். ஒன்று. வண்டி கிறீச்சிட்டு நின்றது. ‘நான் ஊதலையே’ என்ற முகத்தோடு நடத்துநர் கீழே குதித்தார். ஒற்றம்மாவின் வாய் நிற்கவில்லை. இரண்டு, மூன்று.

இரட்டை விசில். வண்டி கிளம்பிவிட்டது, நடத்துநர் இல்லாமல்.

ஒரு ஒற்று கூடினால் அர்த்தமே மாறிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் திகைத்து நின்றார். பசை வாளி கண்ணுக்குத் தெரிந்தது.

“யோவ்! நிறுத்துய்யா!” நடத்துநர் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். குதித்ததில் அவருடைய விசில் சாக்கடையில் விழுந்திருந்தது.

ஒற்றம்மா மறுபடி விரலை வைத்தார். ஒன்று. உடனே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வண்டி நின்றது. இருவரும் ஓடி ஏறினார்கள்.

“யக்கா, நீங்களா!” நடத்துநருக்கு மூச்சு வாங்கியது. “நாளையிலருந்து நானே நிறுத்துறேன். புண்ணியமாப் போகும், வாயத் திறந்துடாதீங்க.”

அச்சகக் கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. மேலாளர் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பரவாயில்லையே. எப்படிம்மா நிறுத்தினீங்க?”

ஒற்றம்மா முந்தானையில் இரண்டு விரலையும் துடைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

“வாயில விரல வச்சேன் சார். கடிக்கல.”

“என்ன? காதுல விழல. கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்,” என்றார் மேலாளர்.