சீடிப் பெட்டியைக் குறை சொன்ன நாள்

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்களில் பண்டாரவளையில் டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையைக் கேட்டவர்கள், எனக்குத் தெரிந்து, நாங்கள் மூன்று நண்பர்கள்தான். எங்களில் ஒருவனுக்கு லண்டனிலிருந்து அவன் அக்கா ஒரு பெட்டி அனுப்பினாள். எங்களுக்குப் பிடித்த இசைக்குழுவின் ஐந்து ஆல்பங்களும் சீடிகளாக, படப் புத்தகத்தோடு, கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. நான் அவற்றைத் தேய்ந்துபோன கேசட்டில்தான் கேட்டிருந்தேன்.

பெட்டி வந்தவன் தன் வீட்டில் முதல் சீடியைப் போட்டான். டிரம்ஸின் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டான்.

"சூப்பர்டா!" என்றான் மற்றவன்.

"சத்தத்த ரொம்பத் தொடச்சு வச்சிருக்கானுங்க. அந்தக் கரடுமுரடே போயிருச்சு. கேசட்டுதான் நல்லாருக்கு" என்றேன் நான்.

பெட்டிக்காரன் முகம் வாடியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் ஐந்து சீடிகளையும் பிரதியெடுத்து மற்றவனுக்குக் கொடுத்தான்.

"உனக்குத்தான் புடிக்கலையே, அதான் போடல" என்றான் என்னிடம். நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தான்.

எனக்கும் வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வெலிமடை பஸ்ஸில் ஏறினேன். மற்றவன் சீடிகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.