சாலைக்கு வராமல் போனவர்கள்

பேசிக்கொண்டிருக்கும்போதே அருள்மேரியின் கண்கள் என்னை விட்டுப் போய்விடும். மேடவாக்கம் ஜங்ஷன் டீக்கடையில் உட்கார்ந்து மாமியாரின் கண் ஆபரேஷன் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். எதிரே யாராவது சாலை ஓரம் வந்து நின்றால் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த ஆள் பையைத் தோள் மாற்றுகிறாரா, செருப்பைக் காலில் இறுக்கிக்கொள்கிறாரா, முன்பின் தெரியாத இன்னொருவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு இறங்குகிறாரா என்று பார்ப்பார். அவர் பத்திரமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாமியாரின் கண்ணுக்குத் திரும்புவார். "சாரி சார், எங்க விட்டேன்?"

ஐம்பதை நெருங்குகிற அருள்மேரி, நகரங்களைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பல வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவியானார். கூடப் படிக்கிறவர்களுக்கு இவருடைய பாதி வயதுகூட இருக்காது. அவர்கள் அக்கா என்கிறார்கள். வழிகாட்டும் பேராசிரியை தேவதர்ஷினியும் இவரைவிட இளையவர்தான். அவரும் அக்கா என்றே கூப்பிடுகிறார், இவர் பதிலுக்கு மேடம் என்கிறார். சர்ச்சில் யாராவது விசாரித்தால் கணவர் ஃபிரெடி முகம் மாறாமல் சொல்வார்: "அவங்க ரோடு பாக்குறாங்க."

செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்து அடுக்கு வீட்டில் எனக்கு மேல் தளம் அவர்களுடையது. காட்டன் சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் பெரிய ஸ்போர்ட்ஸ் ஷூ படியிறங்கும் சத்தத்தில்தான் எனக்குப் பல நாள் விடிந்திருக்கிறது. ஒருமுறை படியில் நின்று கேட்டார்: "நீங்க ஷூ ரேக்கை வெளிய மாத்துனதுலேருந்து பிள்ளைங்க உங்க வாசல்ல உக்காந்து விளையாடுறதில்ல, கவனிச்சீங்களா?" நான் கவனிக்கவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டால்தானே கவனிப்போம்?

அவருடைய ஆராய்ச்சி கோவிலம்பாக்கத்தில் ஒரு பெரிய சாலையில் தொடங்கியது. நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி இருந்தது. இந்தப் பக்கத்துத் தெருக்காரர்களும் அந்தப் பக்கத்துத் தெருக்காரர்களும் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். அடிக்கடி விபத்து. அருள்மேரி அங்கே நின்று, கடக்கிறவர்களிடம் பேசி, முகங்களைப் பழகிக்கொண்டிருந்த காலத்திலேயே, விபத்தைத் தடுக்க அந்த இடைவெளியைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். சற்றுத் தள்ளி இரும்புப் படிக்கட்டோடு ஒரு நடைமேம்பாலம் வந்தது.

ஜனங்கள் தடுப்பை ஏறிக் குதிப்பார்கள், விபத்து கூடும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். நடந்தது வேறு. சில வாலிபர்கள் குதித்தார்கள், கொஞ்சம் பேர் பாலம் ஏறினார்கள். விபத்து நின்றுவிட்டது. எல்லோருக்கும் திருப்தி. எதிர்பார்த்தது பொய்த்துவிட்டது, அதையே நேர்மையாக எழுதி முடித்துவிடலாம் என்று தேவதர்ஷினி சொன்னாராம். யாராக இருந்தாலும் முடித்திருப்பார்கள். அருள்மேரிக்கு ஒன்றுதான் உறுத்தியது. குதித்தவர்களையும் பாலம் ஏறியவர்களையும் சேர்த்தாலும் முன்பு வந்த கூட்டத்தில் சிறு பகுதிதான். மீதிப் பேர் எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு அவர்மீது ஒருவித பிரமிப்பு வந்தது. நகரத்தைப் படிப்பது என்றால் வரைபடம், கட்டடம், மெட்ரோ என்று நினைத்திருந்தேன். இவர் சாலைக்கு வராமல் போனவர்களைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினார். இருக்கிறவர்களைப் பார்க்கலாம், இல்லாதவர்களை எந்த டீக்கடையில் உட்கார்ந்து பார்ப்பது? ஞாபகத்தில் இருந்த முகங்கள்தான் துணை. பச்சைக் கூடைக்கார அம்மா, டியூஷன் பையோடு போகும் பெண், தையல்காரர் என்று அடையாளம் சொல்லி வெயிலில் வீடு வீடாகக் கேட்டார். கணக்கெடுக்க வந்தவர் என்று சிலர் கதவைத் திறந்தார்கள், வசூலுக்கு வந்தவர் என்று சிலர் மூடினார்கள். சளைக்கவில்லை. தையல்காரர் கடையையே இடம் மாற்றியிருந்தார். அந்தப் பெண் டியூஷனை நிறுத்தியிருந்தாள். விசேஷம் என்னவென்றால், யாருமே சாலையைக் குறை சொல்லவில்லை. நேரமில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவு அவசியமில்லை என்று தங்கள்மீதே பழியைப் போட்டுக்கொண்டார்கள்.

அப்படிக் கிடைத்தவர்தான் கிளியம்மாள். அறுபது வயதிருக்கும், மூட்டுவலி. முன்பெல்லாம் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு சாலையைக் கடந்தவர். அங்கே வேலையா என்று அருள்மேரி கேட்டார். நானும் அன்று கூட இருந்தேன்.

"வேலை இன்னா கீது? எதிர்த்தாப்ல ஞானம்மா வூடு. குந்திகினு பேசிகினு இருப்போம். அவ்ளோதான்."

இருவரும் ஒரே தோல் கம்பெனியில் இளமையில் வேலை பார்த்தவர்கள். உறவு இல்லை, சாதி வேறு, சாமி வேறு. பாலத்தின் படிகள் கிளியம்மாளின் முட்டிக்கு ஆகாது. ஆட்டோவில் சுற்றிப் போகலாமே என்றால், "சும்மா பேசறதுக்கு ஆட்டோவா?" என்று மகன் சிரிக்கிறானாம். போனில் பேசலாமே என்றேன் நான்.

"அவளுக்குக் காது கேக்காது சார். கிட்ட குந்தினாதான். வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவா." கொஞ்ச நேரம் முந்தானையை மடித்துக்கொண்டிருந்துவிட்டு அவரே சொன்னார்: "நான் சொல்றதுக்கெல்லாம் அவ ஒருத்திதான் சிரிப்பா."

சாயங்காலம் எங்களைச் சாலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். எதிர்ப்பக்கத்துத் தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் உருவம். கிளியம்மாள் கையை உயர்த்தினார். அந்த உருவமும் உயர்த்தியது. நடுவே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு லாரி மறைத்து விலகும்போதும் இரண்டு கைகளும் உயர்ந்தபடியே இருந்தன. அருள்மேரி திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழு கூடியது. விபத்துக் குறைந்த சாலையில் இரண்டு பெண்கள் அரட்டை அடிக்க முடியாமல் போனதெல்லாம் ஆராய்ச்சியா, சிநேகிதத்தை எதால் அளப்பீர்கள் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். கிளியம்மாளைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அந்த வருடமே பட்டம். அருள்மேரி சொன்ன பதிலைத் தேவதர்ஷினிதான் பிறகு என்னிடம் சொன்னார்.

"அளக்கத் தெரியல சார். ஆனா நின்னுபோனது தெரியுது."

இன்னும் வேலை செய்துவிட்டு வரச் சொன்னார்கள். பட்டம் தள்ளிப்போனது. குழு கலைந்த பிறகு தேவதர்ஷினி வராந்தாவில் இவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதுதான் உங்க தீசிஸ், மத்ததெல்லாம் முன்னுரை" என்றாராம்.

அருள்மேரி அடுத்துப் போய்ப் பார்த்த சாலை அலுவலகத்தின் இளம் பொறியாளர் மோசமானவர் அல்ல. இடைவெளியைத் திறந்துவிட்டு நாளைக்கு ஓர் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அந்தக் கேள்வி அருள்மேரியையும் பல நாள் வாட்டியது. பழையபடி திறந்துவிடுங்கள் என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் வண்டிகள் நிற்கும் சிக்னலும், படியில்லாத சரிவும் கேட்டார். தான் சேர்த்த விவரங்களைக் கொடுத்ததோடு விடாமல், ஒரு சாயங்காலம் வந்து கிளியம்மாள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க முடியுமா என்று பொறியாளரை அழைத்தார். அவர் வந்தார், நின்றார், பார்த்தார். பிறகு மனுக்கள், ஆய்வுகள், ஒத்திவைப்புகள். ஃபிரெடி இன்சூரன்ஸ் ஆபீசில் மத்தியானம் லீவு போட்டுவிட்டு மனைவியோடு அலைந்தார். ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகு கான்கிரீட்டை உடைத்துச் சிக்னல் வைத்தார்கள்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் டியூஷனே வேண்டாத வயதுக்குப் போய்விட்டாள். தையல்காரர் புது இடத்தில் பழகிவிட்டார். இதையும் அருள்மேரி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

கிளியம்மாள் வந்தார். முதல் நாள் மத்தியானம், நல்ல சேலை. பொத்தானை அவரே அழுத்தினார். விளக்கு மாறியது, சாலை முழுவதும் நின்றது. அவர் ஒவ்வொரு அடியாக முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அக்கரையில் ஞானம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கிளியம்மாள் பாதிக்குமேல் போயிருந்தபோது சிக்னல் விளக்கின் பச்சை மனிதன் சிமிட்டத் தொடங்கினான். முன்வரிசையில் நின்ற தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு ஓர் அடி நகர்ந்தது.

என் பக்கத்தில் நின்றிருந்த அருள்மேரி சாலையில் இறங்கிப் போய், கொதிக்கும் அந்த லாரியின் முகத்தில் உள்ளங்கையை வைத்தார். டிரைவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிளியம்மாளின் கால்களையே பார்த்தபடி, அவை அந்தப் பக்கத்து மண்ணைத் தொடும்வரை கையை எடுக்காமல் நின்றார்.