எங்கள் காருக்கு வேறு இன்ஜின் மாட்டிய கதை

இன்று காலை தம்பி மகன் போன் செய்தான்.

"அத்தை, பழைய கார் ஒண்ணு வாங்கிருக்கேன். வேற இன்ஜின் மாத்தலாமா?"

(என்னிடம் போய்க் கேட்கிறான் பாருங்கள்!)

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கறுப்பு நிறப் பழைய பிளசர். அழகி! ஆனால் பெட்ரோலைக் குடித்தே எங்களைக் கொன்றாள்.

அரியலூர் மெக்கானிக் யூசுப் பாய் ஒரு யோசனை சொன்னார்.

"பழைய வேன்லேருந்து கழட்டின டீசல் இன்ஜின் கெடக்குதுங்க. மாட்டித் தரேன், ஓட்டிப் பாருங்க. புடிக்கலன்னா பழசையே மாட்டிடலாம்."

மாட்டினார். முதல் ஓட்டம், ஜெயங்கொண்டம் பக்கம் என் நாத்தனார் ஊருக்கு. நானும் ஏறிக்கொண்டேன்.

வழியில் சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்றார். டீக்கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

"பாத்தியா மரியாதைய!" என்று இவர் மீசையைத் தடவினார்.

எனக்கென்னவோ அது மரியாதையாகப் படவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும், வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். பின்கதவைத் திறந்தாள். சீட்டில் ஒரு வாழைத்தாரும் எங்கள் பையும்தான் இருந்தன.

அவள் கீழே, சீட்டுக்கடியில் எல்லாம் பார்த்தாள்.

"எம்புள்ள எங்கங்க? சுண்ணாம்புக்கல் குவாரில வேல பாக்குறானே, அவனத்தான கொண்டாந்தீங்க?"

"யாரையும் கொண்டு வரலம்மா!" என்றார் இவர்.

பக்கத்தில் நின்றவர் மெதுவாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிலேருந்து பொணம் ஏத்திட்டு வருமே ஒரு வேன், அந்தச் சத்தம்ங்க இது. இந்தச் சத்தம் உள்ள வந்தா, எவன் வூட்டு வாசல்ல நிக்குமோன்னுதான் எல்லாரும் பாப்போம்."

இவர் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார்.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சாமி" என்று கும்பிட்டாள் அவள்.

ஊரே சேர்ந்து காரை மெயின் ரோடு வரை தள்ளியது. நடு மத்தியானம். சருகில் டயர் உருளும் சத்தம் மட்டும். நான் பின்னாலேயே நடந்தேன்.

திரும்பி வந்து சொன்னதும் யூசுப் பாய் பதறிப்போனார். "அல்லா சத்தியமா அது பொண வேன் இன்ஜின்னு எனக்குத் தெரியாதுங்க! சைலன்சர மாத்திட்டா சத்தம் மாறிடும்."

இவர் என்னைப் பார்த்தார். "டீசல்ல காசு நல்லா மிச்சம் புடிக்குது. நீ என்ன சொல்ற?"

"சத்தம் மாறும். இனிமே இதுல என்னால ஒக்கார முடியுமாங்க?"

பழைய இன்ஜினையே மாட்டினோம்.

மறுவாரம் அதே ஊருக்குப் போனோம். அந்தப் பெண் அதே வாசலில் உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லையாம். மகனைக் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சாம்.

ஏற்றிக்கொண்டு குவாரிக்குப் போனோம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும், தலைமுதல் கால்வரை சுண்ணாம்புப் புழுதி அப்பி, வெள்ளையாக ஓர் உருவம் எங்களை நோக்கி வந்தது. நானே ஓரடி பின்வாங்கினேன்.

அவள் முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்தாள். புழுதி போகப் போக, உள்ளேயிருந்து ஒரு கறுத்த பையன் சிரித்தான்.

"என்னம்மா இந்நேரத்துல? கார்ல வேற வந்திருக்க!"

தம்பி மகனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மாட்டப் போற இன்ஜின் எந்த வண்டியில இருந்து கழட்டினதுன்னு கேட்டியாடா?" என்றேன்.

"இல்ல அத்தை" என்றவன் போனை வைத்துவிட்டான். நான் திருப்பிக் கூப்பிட்டும் இன்னும் எடுக்கவில்லை!

உங்கள் வண்டி இன்ஜின் எதிலிருந்து வந்ததென்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?