செலக்‌ஷன் பாயின் கட்டைவிரல்

ஆம்பூரில் நிசார் அஹமது என்று விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. செலக்‌ஷன் பாய் என்றால் டீக்கடைக்காரர் கூடக் கை நீட்டி வழி காட்டுவார். தோலை மேஜையில் விரித்து, விரல் நுனியால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று ஒதுக்குகிற வேலை அவருக்கு. எந்த ஃபாக்டரியிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரை எங்கே தோல் லாரி வந்து இறங்கினாலும் போன் அடிப்பார்கள், இவர் பஸ் ஏறுவார். பதினான்கு வருடமாக ஒரே நம்பர். அந்த நம்பர் போனால் பிழைப்பே போச்சு.

அந்த நம்பரைத்தான் ஒரு போன் கம்பெனி கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டியது.

விஷயம் இதுதான். போன வருடம் அவருடைய மாத பில்லில் இரண்டாவதாக ஒரு கனெக்‌ஷன் முளைத்தது. அவர் கேட்கவும் இல்லை, அந்த சிம்மைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. எடுத்துவிடுங்கள் என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். நீங்கள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவர் என்று குழைந்த குரலில் சொல்லி, நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு, லைனைத் துண்டித்தார்கள். முக்கியமானவருக்கு இந்த மரியாதை. சரி, உங்கள் சங்காத்தமே வேண்டாம், என் நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறேன் என்று முடிவு செய்தார். ஒரு மெசேஜ் அனுப்பினால் மாறுவதற்கான ரகசியக் குறியீடு, கோடு என்பார்கள், போனுக்கு வரும், அதை வைத்து மாறிக்கொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது. இது உங்கள் உரிமை என்று அவர்களுடைய ஷோரூம் சுவரிலேயே சிரிக்கிற படத்தோடு ஒட்டியிருக்கிறார்கள். மெசேஜ் அனுப்பினார். முடியாது என்று பதில் வந்தது. முதலில் இரண்டாவது கனெக்‌ஷனை மூட வேண்டுமாம். அதை மூட நேரில் வந்து கட்டைவிரல் வைக்க வேண்டுமாம்.

கட்டைவிரல்! அங்கேதான் வந்தது வம்பு.

நிசார் இளவயதில் எட்டு வருடம் தோலிலிருந்து முடி நீக்குகிற சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். ரேகையில் பாதியைச் சுண்ணாம்பு தின்றது, மீதியைத் தோல் தேய்த்து முடித்தது. ரேஷன் கடையில்கூட அவர் மனைவி பில்கிஸ்தான் விரல் வைக்க வேண்டும். இதைச் சொன்னால் ஷோரூமில் கேட்பதற்கு ஆள் இல்லை. முதல் தடவை போனபோது கவுண்டரில் இருந்த ஷர்மிளா, "கை கழுவிட்டு வந்து வைங்க சார்" என்றாள். கழுவினார். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது தடவை, துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒரு முழ தூரத்திலிருந்து சானிடைசரை நீட்டினாள். தோல் நாற்றத்தில் நின்று முப்பது வருடம் சோறு தின்றவர் அவர். ஆனால் அந்த ஏசி அறையின் ரோஜா சென்ட்டில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாவது தடவையும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனார். பத்து விரலையும் வைத்தார். பத்துக்கும் சிவப்பு விளக்கு. 'கைரேகை பொருந்தவில்லை' என்று தேதி, நேரம் போட்டு ஒரு சீட்டு வந்தது.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? விரலை வெட்டி வேற ஒட்டிக்கினு வரவா?"

ஷர்மிளாவுக்கும் சலிப்பு. "சார், சும்மா எங்க மேல எரிஞ்சு விழாதீங்க. இதே விரலை வெச்சுத்தான் அந்த கனெக்‌ஷனே எடுத்திருக்கீங்க. சிஸ்டத்துல இருக்கு பாருங்க, போன செப்டம்பர் பன்னெண்டு, கைரேகை பொருந்தியதுன்னு."

நிசார் திரையைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"என் விரலுக்கு ரேகை போயி பத்து வருஷம் ஆச்சு. அன்னிக்கு யாரு விரலும்மா வெச்சீங்க?"

ஷர்மிளா எழுந்து உள்ளே ஓடினாள். அடுத்த நிமிடம் மேனேஜர் இன்பராஜ் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். "வாங்க பாய், உள்ள வாங்க, காபி சொல்லட்டுமா?" மூன்று தடவை வந்தும் கண்ணில் படாத மனிதர். காபி வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே கம்ப்யூட்டரில் நாலு தட்டு தட்டி இரண்டாவது கனெக்‌ஷனை மூடினார். கட்டைவிரல் வேண்டாம், சுண்டுவிரல்கூட வேண்டாம். மூன்று நாள் நடந்த நடை எதற்கு?

"இப்பவே கோடு வந்துரும் பாய். அந்தச் சீட்ட மட்டும் குடுத்துருங்க, ஃபைல்ல போடணும்."

எதற்குக் கேட்கிறான் என்று புரியாமல் இல்லை; ரேகை பொருந்தாது என்பதற்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. ஆனால் நம்பர் அவன் கையில் இருந்தது. மறுநாள் ராணிப்பேட்டையில் இரண்டு லாரி இறங்குகிறது. நிசார் சீட்டைக் கொடுத்தார். இன்பராஜ் அதை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நிசாரின் போனில் கோடு வந்து விழுந்தது.

எழுந்து மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தவர் ஷோரூம் கதவருகில் நின்றுவிட்டார். கவுண்டரில் ஷூ ஃபாக்டரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் நின்றிருந்தாள். அட்டையில் அமிர்தவள்ளி என்று பெயர். பசை ஒட்டி ஒட்டி விரலெல்லாம் ரேகை தேய்ந்து வழவழவென்று மின்னின.

"கழுவிட்டுத்தாம்மா வந்தேன். நான் வாங்காத சிம்முக்கு நான் ஏம்மா பில்லு கட்டணும்?"

"இன்னொரு தடவை கழுவிட்டு வாங்கக்கா."

நிசாருக்குக் கம்பெனி மேல் இருந்த அருவருப்பு அப்படியே தன் மேல் திரும்பியது. சீ, ஒரு காபிக்கும் ஒரு கோடுக்கும் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேனே! தோலில் ஓட்டையை மறைத்து முதல் தரம் என்று தள்ளிவிட்டவனைப்போல இருந்தது.

விறுவிறுவென்று கவுண்டருக்குத் திரும்பி வந்தார். மிஷினில் தன் நம்பரைத் தட்டிக் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. புதிதாக ஒரு சீட்டு வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அறையிலிருந்து எட்டிப் பார்த்து ஓடி வந்த இன்பராஜின் சிரிப்பு போய்விட்டது. "பாய், நம்பர் மாற இன்னும் ரெண்டு மூணு நாள் இருக்கு. நடுவுல நின்னு போனாலும் போவும். யோசிச்சுக்கங்க."

நிசாருக்கு மறுநாள் இறங்குகிற இரண்டு லாரியும் நினைவுக்கு வந்தன. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "நிறுத்து. நிறுத்திட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி, சீல் வெச்சுக் குடு. சீட்டோட சேத்து நுகர்வோர் கோர்ட்டுல வெக்கிறேன். இதையும் கிழிக்கணும்னா கிழி. நீ கிழிச்சுக்கினே இரு, இந்த விரல் வெச்சுக்கினே இருக்கும்."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "கை கழுவப் போகாதம்மா. அப்படியே வை. சிம் எடுத்த அன்னிக்கு யாரு விரல் வெச்சாங்கன்னு கேளு."

அமிர்தவள்ளி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வந்த சீட்டை எடுக்க இன்பராஜ் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துக்கொண்டாள்.