பாதியில் நிறுத்திய மருந்தும் அவசரப்பட்டுச் சொன்ன சாட்சியும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதே புதன்கிழமைக் கூட்டத்தில் சென்ற மாதம் நான் ஒரு சாட்சி சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். இன்று அதைத் திருத்தத்தான் எழும்பி நிற்கிறேன். எனக்கு என்மேலேயே கோபம். வேறு சிலர்மேலும் கோபம்தான், ஒளிக்க மாட்டேன்.

என் மகள் ஜெனிக்கு இரண்டரை வயது. அவளுக்குக் காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு விடாத அழுகை. கணவர் பலநாள் மீன்பிடிப் படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். வாழைச்சேனை வீட்டில் நானும் அவளும்தான். டொக்டர் பார்த்துவிட்டு, காதில் பாக்டீரியாத் தொற்று என்று கிருமியைக் கொல்லும் அன்டிபயோட்டிக் பாணி மருந்து ஒரு போத்தல் எழுதினார். "ஏழு நாளும் குடுக்கணும். காய்ச்சல் விட்டாலும் நிப்பாட்டக் கூடாது" என்று இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று புதன்கிழமை. ஓடி வந்து இங்கே நின்று, "கர்த்தர் சுகம் தந்திட்டார்" என்று அழுதேன். கூட்டம் முடிந்ததும் நம் செல்வி அக்கா என் கையைப் பிடித்தார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேரைச் சொல்கிறேன்.

"சுகம் எண்டு சாட்சி சொல்லிப்போட்டு இனியும் மருந்து குடுக்கப் போறியா புள்ள? அப்ப உன்ட விசுவாசம் எங்ககா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் சொன்னதை நானே பொய்யாக்குவதா? மருந்தை நிறுத்தினேன். மறுநாள் பார்த்தால் அதே அக்கா வாசலில்! "அந்த மருந்து மிச்சம் கிடக்கா? பேரனுக்குத் தடிமன், மூக்கு ஓடுது, இருமல். சும்மா கிடந்து வீணாகப் போகுதே."

என் பிள்ளைக்கு விசுவாசம் போதும், அவர் பேரனுக்கு மட்டும் மருந்து வேண்டுமாம்! அதைத் திருப்பிக் கேட்கிற புத்தி எனக்கு இருந்ததா? இல்லை. போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து நாள் போகவில்லை. காய்ச்சல் திரும்பி வந்தது, முன்னையை விட மோசமாக. ஜெனி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டொக்டரிடம் போனால் ஏசுவார் என்று பயந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாமசிக்கு ஓடினேன். வழியெல்லாம் ஒரே ஜெபம். "அப்பா, அதே மருந்து ஒரு போத்தல் கிடைக்கச் செய்யும்."

அந்த மருந்துக்கடை நடத்துகிற நானா, பக்கத்து ஓட்டமாவடி முஸ்லிம் ஊர்க்காரர். "டொக்டர்ட துண்டு எங்க தங்கச்சி?" என்றார். புதிதாக மருந்து எழுதின துண்டு இல்லை என்றேன்.

"துண்டு இல்லாம அன்டிபயோட்டிக் தர மாட்டன்."

கெஞ்சினேன். பிறகு கத்தினேன். "உங்கட புள்ளையா இருந்தா இப்பிடிச் சொல்லுவீங்களா நானா?"

"என்ட புள்ளையா இருந்தாலும் தர மாட்டன்" என்றவர், ஜெனியின் தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காது முன்னால் தள்ளி நின்றது. முடி மறைத்திருந்ததில் நான் கவனிக்கவே இல்லை. பெற்ற தாய் நான்! "இது பாணி மருந்தால சரிவராது. ஆஸ்பத்திரிக்கு வாங்க, இப்பவே" என்று கடையைப் பூட்டிவிட்டு, அவரே ஓட்டோ பிடித்துக் கூட வந்தார்.

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த டொக்டர் ஏசினார். "காய்ச்சல் விட்டா கிருமி செத்திட்டு எண்டு ஆர் சொன்னது? பாதியில நிப்பாட்டினா மிஞ்சின கிருமி திரும்பப் பெருகும். இப்ப காதுக்குப் பின்னால எலும்பு வரைக்கும் போயிட்டு. இன்னும் பிந்தியிருந்தா மூளைக்கும் போயிருக்கலாம்."

நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கட்டிலருகே முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நான் மருந்து கேட்டேன். நீர் மருந்து தர மறுக்கிற மனுசனைத் தந்தீர். ஸ்தோத்திரம். என் பிள்ளையையும் தாரும்" என்று அழுதேன். தந்தார்.

செல்வி அக்காவின் பேரனுக்கோ அந்த மருந்தால் வயிற்றோட்டம். வைரஸால் வருகிற தடிமனுக்கு அது வேலையே செய்யாதாம். அக்கா வாட்டுக்கு வந்து என் பக்கத்தில் இருந்து அழுதார். ஏசுவதற்கென்று சேர்த்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போத்தலைக் கொடுத்தது நான்தானே.

அன்பானவர்களே, ஜெபியுங்கள், விடாமல் ஜெபியுங்கள். ஆனால் டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் முடியும்வரை, எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு மட்டும் மருந்தைக் கொடுங்கள். மருந்து கொடுக்கிற கையையும் கர்த்தர்தான் தந்தார், அவரை நம்பித்தான் கொடுக்கிறோம்.

ஜெனி வீட்டுக்கு வந்ததும் இங்கே ஓடிவந்து சொல்ல எனக்கு ஒரே துடிப்பு. ஆனால் வீட்டில் கொடுக்கச் சொன்ன மருந்து அப்போது முடிந்திருக்கவில்லை. போன புதன்கிழமை வாயைப் பொத்திக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன். கடைசி வேளையை இன்று காலை கொடுத்து முடித்தேன். அதனால்தான் இன்று சாட்சி சொல்கிறேன்.