பிரிபோவின் குழியும் மச்சினன் மேடும்

பிரிபோவுக்குத் தன் நிழல்மேலும் முழு நம்பிக்கை கிடையாது. அவருடைய பாபாய்க் குழியைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தென்னோலை வேலி. உள்ளே மூத்த மகள் கல்யாணத்துக்கென்று வளரும் பாபாய் என்ற ராட்சதச் சேம்பு. அதற்கு என்ன தழை போடுகிறார் என்பது பெண்டாட்டிக்கும் தெரியாது. நொனூட்டித் தீவில் குடும்பத் தழைக்கலவையை வெளியில் சொல்பவன் மனுஷனே அல்ல. மகள் கல்யாணப் பந்தியில் பாபாய் இல்லாமல் வெறும் அரிசிச் சோறு வைப்பவனும் அந்த ரகம்தான்.

அந்த வருஷம் கடல் பொங்கி வந்துபோன பின் இலைகள் மஞ்சளாயின.

“உரியாம் வேலைதான். உப்புத் தண்ணிய ஊத்தியிருக்கான்,” என்றார். உரியாம் அவர் மனைவி தெரேசியாவின் தம்பி, பக்கத்துக் குழிக்காரன்.

“ஆமா, என் தம்பி கடலையே மொண்டு வந்தான்! அவன் குழியும் மஞ்சளாத்தான் கெடக்கு.”

“பாத்தியா, சந்தேகம் வரக்கூடாதுன்னு அவன் குழியிலயும் ஊத்தியிருக்கான்.”

விவசாய அதிகாரி வந்தார். நிலத்தடி நீரே உப்பாகிவிட்டது, இனிக் குழி வேண்டாம், பிளாஸ்டிக் விரித்து மேடு கட்டிக் கூரை மழைநீரை விடுங்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“நீங்க என்ன தழை போடுறீங்க?”

பிரிபோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடல் உயர்வதே இந்த ரகசியத்தைக் கறப்பதற்குத்தான்.

“பன்னிக்கொட்டில் குப்பை, மீன் குடல், பப்பாளி இலை,” என்று முகம் மாறாமல் அளந்துவிட்டார். அதிகாரி கைகுலுக்கிவிட்டு நேரே உரியாம் வீட்டுக்குப் போனார். பிரிபோ நிஜக் கலவையை இரட்டிப்பாகத் தன் குழியிலேயே கொட்டினார்.

சில வருஷம் கழித்து மகளுக்கு நாள் குறித்தபோது குழியில் அழுகல்தான் மிச்சம். உரியாமின் மேட்டிலோ இலைகள் வேலிக்கு மேல் தலைநீட்டின. வெட்கத்தை விட்டுப் போனார்.

“அப்படி என்னதான் போட்ட மாப்ள?”

“அத மட்டும் கேக்காதீங்க மச்சான். யாரோ பெரிய விவசாயி அதிகாரிகிட்ட ரகசியமாச் சொன்னதாம்.”

அந்தப் பெரிய விவசாயி யாரென்று சொன்னால் புளுகியதும் சேர்ந்து வெளிவரும். பிரிபோ பேச்சைக் கல்யாணக் கிழங்குக்குத் திருப்பினார்.

“அக்கா மகளுக்கு நான் தராம யாரு தருவா? கிழங்கு எடுத்துக்கங்க. ஆனா நான் தோண்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

நின்றார்.

பந்தியில் பெரியவர்கள் கிழங்கை வாயாரப் புகழ்ந்தார்கள். யார் வளர்த்தது என்று கேட்டபோது “உரியாம்” என்று பிரிபோ பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். பிரமாதம். நாளைக்கே மேடு கட்டிவிட வேண்டியதுதான். ஆனால் வெறும் பன்றிக்குப்பைக்கும் மீன் குடலுக்கும் இந்த ருசி வராது. பயல் வேறெதையோ சேர்த்திருக்கிறான்.